எட்டாந்தரத்தை மூடிவிடுவார்களோ

அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஒரு கிழிந்த பக்கம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

நான் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியை. ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் மூச்சு வாங்க ஏறினால் எங்கள் தோட்டப் பாடசாலை வரும். ஒன்பதாந்தரம் வரைக்கும்தான் அங்கே வகுப்பு. அன்றைக்கு எட்டாந்தரத்தில் பாடநூலை வாசிக்கச் சொல்லி ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருக்கும் அந்தப் பிள்ளை எழுந்தாள். எப்போதும் தடங்கல் இல்லாமல் வாசிப்பவள். குரலும் நன்றாக இருக்கும். அவள் வாசிக்க வாசிக்க நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். தற்செயலாகத்தான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. அவள் வாசித்துக்கொண்டிருந்தது அந்த இல்லாத பாதியைத்தான். முற்றுப்புள்ளி வரும் இடங்களில் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த வசனத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பினேன். இடைவேளையில் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டு கரும்பலகையில் நாலு சொல் எழுதினேன். "மழை", "பாதை", "கொழுந்து", "வீடு". அவள் அவற்றைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சோக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாதுங்க டீச்சர்" என்றாள் கடைசியில்.

"ஒண்ணுமே தெரியாதா?"

"எழுத்து கொஞ்சம் தெரியும். என் பேரு எழுதுவேன். சேத்து வாசிக்க வராது."

காலையில் பக்கத்துப் பிள்ளையிடம் பாடத்தை வாசித்துக் காட்டச் சொல்வாளாம். ரெண்டு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். பரீட்சைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். முன்னால் இருப்பவளின் எழுத்தைப் படம் மாதிரிப் பார்த்து வரைந்துவிடுவாளாம். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை மழையில் கிடந்த கல் மாதிரிச் சில்லென்று இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர். சின்னம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கொழும்புக்கு அனுப்பிருவாங்க. அம்மா இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல புள்ளையப் பாத்துக்க ஆள் கேக்குறாங்களாம்."

அவள் மூன்றாந்தரத்தில் இருந்தபோது கொரோனா வந்து பாடசாலை பூட்டப்பட்டது. பாடங்கள் எல்லாம் போனில் வந்தன. அவளைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன தாயோடு வீட்டுப் போனும் போயிருந்தது. பிறகு பெட்ரோல் இல்லாத காலம். ஆசிரியர்களே வர வழியில்லாமல் வாரத்தில் சில நாட்கள்தான் வகுப்பு நடந்தது. அதற்குள் அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போக, வகுப்பும் ஏறிக்கொண்டே போனது. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் படிப்பிக்க ஆள் இல்லை. எட்டாந்தரத்தில் அதைப் படிப்பிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்றிலிருந்து இடைவேளைகளில் அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தேன். அதோடு வகுப்பில் மற்றவர்களையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். கேட்டுப் பழகாத ஒரு பக்கத்தைத் தந்து தனித்தனியாக வாசிக்கச் சொன்னால் உண்மை வெளியே வந்தது. கால்வாசிப் பேருக்காவது அவளுடைய கதைதான். சிலர் எழுத்துக்கூட்டி வசனத்தின் நடுவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவார்கள். எத்தனை வருசமாக இவர்களுக்கு முன்னால் நின்று அணி இலக்கணம் நடத்தினேன் என்று நினைக்கும்போது உடம்பு கூசியது.

அதிபர் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தது அந்த மாதத்தில்தான். ஓய்வு பெற நெருங்கிக்கொண்டிருந்த நல்ல மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஆசிரியர்களை அழைத்து உட்காரவைத்தார். மேசையிலிருந்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆறுலருந்து ஒம்பது வரைக்கும் எடுத்துட்டு டவுன் ஸ்கூலோட சேக்கப் போறாங்களாம். புள்ளைங்க எண்ணிக்கையும் இல்ல, மார்க்ஸும் இல்லன்னு சொல்றாங்க. முதல்ல வந்து பாப்பாங்களாம். பாத்துட்டுத்தான் முடிவு."

எங்கள் பாடசாலையில் யார் படிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் வேன் பிடித்து டவுனுக்குப் போய்விடுவார்கள். கடைக்காரர் பிள்ளைகளும் அப்படித்தான். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளையும் போய்விடும். சம்பளம் போதாமல் குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மிச்சம் இருப்பவர்கள், தாய் கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள், தாயும் தகப்பனும் வேறு ஊரில் இருக்க, சின்னம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வளர்கிறவர்கள். படிக்கக்கூடிய பிள்ளைகள் போகப்போக மார்க்ஸ் இறங்கியது. மார்க்ஸ் இறங்க இறங்க இன்னும் கொஞ்சப் பேர் போனார்கள்.

டவுன் பாடசாலைக்குச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைத் தவறவிட்டால் காட்டுத் துண்டு வழியாக நடக்க வேண்டும். அங்கே சிறுத்தை நடமாட்டம். முந்தின வாரம்தான் மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஒரு நாயை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அடைமழைக் காலத்தில் பாதையே சரிந்து கிடக்கும். நானும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஆறாந்தரத்துக்கு அப்படியொரு பாதையில் டவுனுக்கு நடந்தவள். என்னோடு நடக்கத் தொடங்கிய பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசி வருசம் நான் தனியாகத்தான் நடந்தேன். இலை அசைந்தால்கூட ஓடுவேன். அந்தப் பயம் இன்னும் கனவில் வரும்.

அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "வாசிக்கத் தெரியாத புள்ளைங்கள அன்னைக்கு ஒரு நாள் வர வேணாம்னு சொல்லிருவோமா?"

"அப்ப எண்ணிக்கை குறையுமே சார். அதையும்தானே பாக்க வாறாங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்படியொரு சோர்வை ஒரு மனிதரின் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"வந்தா மார்க்ஸு போகுது. வராட்டி தலையே கொறையுது. நான் என்னதான் செய்ய டீச்சர்?"

கணித ஆசிரியர், எல்லாரும் வரட்டும், நடப்பது நடக்கட்டும் என்றார். அப்படியே முடிவானது.

அவர்கள் வந்த நாளில் காலையிலிருந்து மழை. பிறகு மழை தூறலாகி, பனிமூட்டம் இறங்கியது. முற்றத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து ஜீப்பின் சத்தம் மட்டும் முதலில் வந்தது. என் வகுப்புக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கண்டிப்பானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார், பேர்களைக் கேட்டார், ஒரு பிள்ளையின் நனைந்த தலையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்படிப்பட்டவரிடம் பிள்ளைகள் ஒன்றையும் மறைக்க மாட்டார்கள்.

"பாடப் புத்தகம் வேணாம்" என்றார். "நான் கதை கொண்டு வந்திருக்கேன். ஆளுக்கு ஒரு கதை."

பையிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்கு இல்லை. நான் ஜன்னலோரத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தவளின் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் தாளைப் பார்த்தாள். ரெண்டும் வேறு வேறு என்று புரிந்துவிட்டது. அவள் உதடு வெளுத்துப் போனதை நான் கதவோரத்தில் நின்றே பார்த்தேன்.

முதல் பெஞ்சிலிருந்து வாசிப்பு தொடங்கியது. ஒருவன் நன்றாக வாசித்தான். ஒருத்தி திக்கித் திக்கி முடித்தாள். அவள் முறை நெருங்கியது. போய் மறித்துவிடலாமா, அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் ஓடியது. அதற்குள் அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

எழுந்தாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"தொண்டை சரியில்லையாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "மெதுவா வாசி. அவசரமில்ல."

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான், "அவளுக்கு வாசிக்கவே தெரியாது மேடம்." யாரோ சிரித்தார்கள்.

அவள் தாளை மெதுவாக மேசையில் வைத்தாள். மடிப்பு விழாமல் கையால் நீவிவிட்டாள். என் பக்கம் திரும்பி, "வெளிய போகவா டீச்சர்?" என்றாள். நான் தலையசைத்தேன். கழிப்பறைக்குத்தான் போகிறாள், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

வரவில்லை. இன்னும் ரெண்டு மூன்று பேர் வாசித்து முடித்தும் வரவில்லை. ஒரு பிள்ளையை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். அவள் ஓடிவந்து, "கக்கூஸுல யாருமில்ல டீச்சர். குடையும் இங்கதான் கெடக்கு" என்றாள்.

"மேடம், புள்ளையக் காணல." எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. அதிபர் மழையில் குடையில்லாமல் கேட் வரைக்கும் ஓடினார். கணித ஆசிரியர் காட்டுத் துண்டுப் பக்கம் போனார். நான் அவள் லயத்துக்குப் போகும் பாதையில் இறங்கினேன். நாலடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் பக்கத்தில் வந்த பிறகுதான் செடிகளாகத் தெரிந்தன, அதுவரைக்கும் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூட்டம் என் குரலை விழுங்கிக்கொண்டது. கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

சிறுத்தையைப் பற்றி நினைத்தேன். ஆனால் நான் உண்மையில் பயந்தது அதற்கில்லை. பயந்தது ஆற்றுக்கு. தோட்டங்களில் வேலை செய்கிற எந்த ஆசிரியைக்கும் அந்தப் பயம் உண்டு. அவமானப்பட்ட பிள்ளை ஆற்றுப் பக்கம் போய்விட்டது என்று எங்காவது ஒரு தோட்டத்திலிருந்து செய்தி வரும். அந்த நினைப்பை வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் போல, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக மூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். அவர்களில் அவளுடைய சின்னம்மாவும் இருந்தார். நான் விசயத்தைச் சொன்னதும் தலையில் மாட்டியிருந்த கூடையைக் கழற்றி வீசினார். பறித்த கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது.

"என்னத்தச் சொன்னீங்க டீச்சர் அவள? அடிச்சீங்களா?"

"இல்லக்கா. வாசிக்கச் சொன்னாங்க. அவளுக்கு வாசிக்க வரல."

"வாசிக்க வரலையா?" அவர் அப்படியே நின்றார். "வீட்டுல எனக்குக் கதையா வாசிச்சுக் காட்டுவாளே."

கங்காணி விசிலை எடுத்து ஊதினார். வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் எல்லாரும் வரிசையாகப் பிரிந்து கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் சின்னம்மா நின்றுவிட்டார். சின்னப் பாலத்துக்கு மேலே கலங்கல் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. "நான் பாக்க மாட்டேன். நீங்க பாருங்க" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். தண்ணீரில் அடித்துவரும் ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு சாக்குத் துண்டும் எனக்கு வெள்ளை யூனிபோமாகத் தெரிந்தது.

அப்போதுதான் மேல் ரோட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். தொழிற்சாலைக்கு விறகு ஏற்றிவந்த லொறியின் டிரைவர்.

"என்னங்க தேடுறீங்க? ஸ்கூல் புள்ளையா? சந்தியில ஒண்ணு நனைஞ்சிக்கிட்டு நிக்குது."

ஓடினோம். பாதையில் ஓடவில்லை, செடிகளுக்கு நடுவே விழுந்து எழும்பி ஏறினோம். சந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரை ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே, மழையில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னம்மா போன வேகத்தில் முதுகில் ரெண்டு அறை வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளை விடச் சத்தமாக அழுதார்.

நான் குனிந்து கேட்டேன். "எங்கம்மா போகப் பாத்த?"

"கொழும்புக்கு. அம்மாகிட்ட."

"காசு?"

"இல்லீங்க. ஹட்டனுக்குப் போயிட்டா ரயில் இருக்கும்னு..."

"பஸ் வரலையா?"

"வந்துச்சு. ரெண்டு வந்துச்சு. எது ஹட்டன், எது நுவரெலியான்னு தெரியல. மூட்டத்துல எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னும் தெரியல."

"கண்டக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா, ஏன் போர்டு வாசிக்கத் தெரியாதான்னு அவங்களும் கேப்பாங்க டீச்சர்."

நான் என் சால்வையை எடுத்து அவள் தலையில் போட்டேன்.

பாடசாலைக்குத் திரும்பியபோது அதிகாரிகளின் ஜீப் அங்கேயே நின்றது. அந்தப் பெண் அதிகாரி அலுவலக அறை வாசலில், ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் தேடப் போயிருக்கிறார். பிள்ளையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கொஞ்சம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தப் புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. தெரிந்த நாளையும், இடைவேளையில் படிப்பிப்பதையும், இவளைப் போல இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"நான் போற எடத்துல எல்லாம் இருக்காங்க" என்றார். "பாதி ஸ்கூல்ல நாங்க வர்ற நாள்ல அவங்க வர்றதில்ல. இங்க வந்திருந்தாங்க." பிறகு, "ஆனா நான் பாத்தத எழுதத்தான் வேணும் டீச்சர்" என்றார். அதை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு பின்னேரம் லயத்துக்குப் போனேன். முன்வாசல் இஸ்தோப்பில் சின்னம்மாவின் சின்னப் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். சின்னம்மா கொழும்புக்குப் போன் போட்டு என் கையில் தந்தார்.

"அனுப்பி வைக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றது தாயின் குரல். "எட்டு வருசம் போயும் எழுத்து தெரியலன்னா இனி என்னத்துக்கு? இங்க ஒரு வேலையாவது கெடைக்கும்."

நான் சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோனது. சந்தியில் அவள் நின்ற கோலத்தை மட்டும் சொன்னேன். பஸ்களைப் போகவிட்டதைச் சொன்னேன். மறுபக்கத்தில் பிரெஷர் குக்கர் ஒன்று விசிலடித்தது.

"அந்த நேரத்துல எவனாச்சும் வந்து, நான் கூட்டிட்டுப் போறேன், ஏறுன்னு சொல்லியிருந்தா?" என்றார் தாய். "ஏறியிருப்பாளே டீச்சர். எங்க போறோம்னுகூடத் தெரியாம ஏறியிருப்பாளே."

"ஆமாம்மா."

"அப்ப வேணாம். எழுத்து தெரியிற வரைக்கும் இங்கயும் வர வேணாம். நீங்களே வச்சிக்கிருங்க."

திங்கட்கிழமை வந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

வலயத்திலிருந்து முடிவு வரும் வரைக்கும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அலுவலகப் போன் அடித்தால் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவோம். பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிட்டது. "மூடப் போறாங்களா டீச்சர்?" என்று ஆறாந்தரத்துப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். கடைசியில் இந்த வருசம் வகுப்புகளை எடுக்க மாட்டோம், அடுத்த வருசம் திரும்ப வந்து பார்ப்போம் என்றார்கள். காலையில் வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். அதற்கு ஆசிரியர் யாரையும் தரவில்லை. நானும் கணித ஆசிரியரும் முதல் பஸ்ஸுக்கே வரத் தொடங்கினோம்.

வாசிப்பு வகுப்புக்கு யார் வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே. முதல் நாள் அவள் வந்தாள். கொஞ்சம் தள்ளி, அன்றைக்குப் பின் பெஞ்சிலிருந்து சத்தம் போட்ட பையன் வந்து உட்கார்ந்தான். புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ரெண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். காதெல்லாம் சிவந்து போனது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் இன்னும் சிலர் வந்தார்கள்.

வருசக் கடைசியில் அவள் புத்தகத்தில் ஒரு பந்தியை விரல் வைத்து, வியர்த்து விறுவிறுத்து, தானாக வாசித்தாள். அவளுடைய பழைய வாசிப்பின் அழகு அதில் இல்லை. தமிழ்ப் பாடத்தில் அவள் எடுத்த மார்க்ஸ், முன்பு பார்த்து வரைந்து எடுத்ததைவிடக் குறைவு. விடைத்தாளைக் கொடுக்கும்போது, "எல்லாம் நானே எழுதுனது டீச்சர்" என்றாள் மெதுவாக. வகுப்பின் சராசரியை அது இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டது. அதிபர் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் ஒன்பதாந்தரத்தில் இருக்கிறாள். இந்த வருசம் ஆறாந்தரத்துக்கு வந்த பிள்ளைகள் போன வருசத்தைவிடக் குறைவு. அதிகாரிகள் இன்னும் வரவில்லை, எந்த நாளும் வரலாம். காலையில் சந்தியில் இறங்கி ஏறும்போது, எதிரே கட்டில், அலுமாரி, காஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி இறங்கிவந்தால் என் கால் தானாக நின்றுவிடும். சாமான்களுக்கு நடுவே, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களைத் தேடுவேன். மூட்டமாக இருந்தால் முகம் தெரியாது. அன்றைக்கெல்லாம் வகுப்புக்குப் போய்ப் பெஞ்சுகளைப் பார்க்கும் வரைக்கும் எனக்கு மூச்சு சரியாக வராது.